மூன்றாவது கட்சி ஏன் கரையேறுவதில்லை? 1977 முதல் அம்பாறை 2020 வரை ஒரு கணக்கு

தேர்தல் அறிவிப்பு வந்ததும் மட்டக்களப்பில் ஊருக்கு ஊர் ஒரே வேண்டுகோள் கிளம்பிவிடுகிறது: வாக்கைப் பிரித்துவிடாதீர்கள். ஏறாவூரில் ஒரு கட்சிக்காரர் இதைச் சொல்வார், களுவாஞ்சிகுடியில் இன்னொரு கட்சிக்காரர் சொல்வார், கல்முனையில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சொல்வார்கள். சிறிய கட்சியில் நிற்பவர் ஆசை பிடித்தவர், அவருக்கு வாக்களிப்பவர் விவரம் தெரியாதவர் என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடும். இந்தப் பழியை ஆட்கள் மேல் சுமத்துவது தவறு என்பதே என் வாதம். வாக்குகளை ஆசனங்களாக மாற்றும் விதி எதுவோ, அதுதான் ஒரு நாட்டில் எத்தனை கட்சிகள் பிழைக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. விதியைப் பேசாமல் வேட்பாளரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் அடுத்த தேர்தலிலும் இதையேதான் பேசிக்கொண்டிருப்போம்.

விதி என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டின் 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலை விடத் தெளிவான சாட்சி தேவையில்லை. அப்போது தொகுதிவாரி முறை இருந்தது. ஒரு தொகுதியில் யார் அதிக வாக்குப் பெறுகிறாரோ அவரே அங்கத்தவர். இரண்டாவதாக வந்தவர் எவ்வளவு நெருங்கி வந்தாலும் வெறுங்கையோடுதான் வீடு திரும்ப வேண்டும். ஐக்கிய தேசியக் கட்சி நாடு முழுவதும் 51 சதவீதத்தை ஒட்டிய வாக்குகளைப் பெற்று, 168 ஆசனங்களில் 140ஐ எடுத்துக்கொண்டது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு ஏறத்தாழ 30 சதவீத வாக்குகள் கிடைத்தும் ஆசனங்கள் 8 மட்டுமே. தமிழர் விடுதலைக் கூட்டணி பெற்ற வாக்குகள் 7 சதவீதத்துக்கும் குறைவு; ஆசனங்கள் 18. கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது இந்தக் கணக்கினால்தான். நாலு மடங்குக்கு மேல் வாக்குப் பெற்ற கட்சி, கூட்டணிக்குப் பின்னால் உட்கார்ந்தது.

அதற்கு ஏழு வருடங்களுக்கு முன்னர் இதே விதி ஐக்கிய தேசியக் கட்சியைத்தான் அடித்தது. 1970இல் அந்தக் கட்சி பெற்ற மொத்த வாக்குகள் சுதந்திரக் கட்சியின் வாக்குகளை விடச் சற்று அதிகம். ஆனால் சுதந்திரக் கட்சிக்கு 91 ஆசனங்கள், ஐக்கிய தேசியக் கட்சிக்கு 17. சுதந்திரக் கட்சி இடதுசாரிகளுடன் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு குறைந்த இடங்களில் நின்றது இதற்கு ஒரு காரணம். மீதியெல்லாம் விதியின் வேலை.

பிரான்ஸ் நாட்டு அரசறிவியலாளர் மொரிஸ் டுவெர்ஜே 1951இல் இந்த ஒழுங்கைத் தெளிவாக எழுதிவைத்தார். ஒரு தொகுதிக்கு ஒரே ஆசனம், அதிக வாக்குப் பெற்றவருக்கே வெற்றி என்று விதி இருந்தால், காலப்போக்கில் போட்டி இரண்டு கட்சிகளுக்குள் சுருங்கும். இது இரண்டு படிகளில் நடக்கிறது என்றார். முதற்படி வெறும் எண்கணக்கு: மூன்றாவதாக வருபவருக்கு வாக்குகள் இருந்தும் ஆசனம் இராது. இரண்டாம்படி மக்கள் மனத்தில் நடப்பது. தனக்குப் பிடித்தவர் வெல்லப்போவதில்லை என்று தெரிந்த வாக்காளர், தனக்குப் பிடிக்காதவர் வந்துவிடக் கூடாதே என்ற கவலையில், வெல்லக்கூடிய இருவரில் பரவாயில்லாதவருக்குப் போடுகிறார். பணம் கொடுப்பவர்களும் திறமையான வேட்பாளர்களும் அதே கணக்கைப் போட்டு அந்த இரண்டு கட்சிகளின் வாசலுக்கே போகிறார்கள். மூன்றாவது கட்சி அடுத்த முறை இன்னும் சிறுக்கிறது. சிறுத்ததைப் பார்த்து இன்னும் சிலர் விலகுகிறார்கள்.

எனக்கு இந்த இரண்டாம்படிதான் முக்கியமாகப் படுகிறது. எண்ணிக்கை நிலையத்தில் நடப்பது ஒரு இரவோடு முடிகிறது. வாக்காளர் மனத்தில் நடப்பது ஐந்து வருடமும் நடக்கிறது.

இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியின் கதையை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. 1947இல் சுதந்திரத்துக்கு முந்திய முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் 10 ஆசனங்களுடன் ஐக்கிய தேசியக் கட்சிக்கு அடுத்த பெரிய கட்சியாக நின்றது அதுதான். 1951இல் பண்டாரநாயக்க சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். 1956இல் அவர் தலைமையிலான அணி ஆட்சியைப் பிடித்தது. அன்றிலிருந்து ஐக்கிய தேசியக் கட்சியை வீழ்த்த விரும்பியவர்களுக்குப் போகுமிடம் ஒன்றாகிவிட்டது. சமசமாஜிகள் தனித்து நிற்பதா, கூட்டுச் சேர்வதா என்று பத்துப் பன்னிரண்டு வருடம் தடுமாறி, கடைசியில் கூட்டுச் சேர்ந்து 1970இல் 19 ஆசனங்களைப் பெற்றார்கள். கூட்டு முறிந்ததும் 1977இல் சுதந்திரக் கட்சியின் துணையின்றி நின்றார்கள். என்.எம்.பெரேராவும் கொல்வின் ஆர்.டி.சில்வாவும் தோற்றார்கள். சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ஓர் ஆசனம்கூட எடுக்கவில்லை. நாட்டின் தொழிற்சங்க இயக்கத்தைக் கட்டியெழுப்பிய ஒரு தலைமுறை ஒரே இரவில் பாராளுமன்றத்துக்கு வெளியே போனது. அவர்களுடைய கொள்கைத் தவறுகள் பல உண்டு, கிழக்கிலும் வடக்கிலும் அவற்றை நாம் மறக்க மாட்டோம். ஆனால் அந்தப் பூச்சியம் கொள்கைக்குக் கிடைத்த புள்ளியன்று. நாடெங்கும் மெல்லியதாகப் பரவிய வாக்குகளுக்குத் தொகுதிவாரி முறை எப்போதும் கொடுக்கும் புள்ளி அது.

பரவிக் கிடப்பதா, ஓரிடத்தில் திரண்டிருப்பதா என்பதில்தான் மூன்றாவது கட்சியின் தலையெழுத்து இருக்கிறது. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சி 38 இலட்சத்துக்கு மேல் வாக்குகள் பெற்று ஒரே ஓர் ஆசனத்தை எடுத்தது. ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி 15 இலட்சத்துக்கும் குறைவான வாக்குகளுடன் 56 ஆசனங்களை எடுத்தது. முன்னதன் வாக்குகள் நாடெல்லாம் சிதறியிருந்தன. பின்னதன் வாக்குகள் ஸ்கொட்லாந்துக்குள் குவிந்திருந்தன. 1977இல் கூட்டணிக்கு 18 கிடைத்ததற்கும் சமசமாஜிகளுக்கு ஒன்றும் கிடைக்காததற்கும் இதே விடைதான். இந்தியாவும் இதே முறையில்தான் தேர்தல் நடத்துகிறது. அங்கே டில்லியில் கட்சிகள் ஏராளம், ஆனால் பல மாநிலங்களுக்குள் போனால் இரண்டு பெரிய அணிகள்தான். தமிழ்நாட்டில் 2006இல் விஜயகாந்தின் கட்சி 8 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்றும் அவர் ஒருவரே சட்டசபைக்குப் போனார்.

அமெரிக்காவில் இந்த விதி மிகக் கடுமையாக வேலை செய்கிறது. அங்கே கடைசிப் பரிசு ஒரே ஒரு ஜனாதிபதிப் பதவி. மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்ட 538 தேர்வாளர் வாக்குகளில் 270 பெறுபவரே ஜனாதிபதி. மேய்ன், நெப்ராஸ்கா தவிர்ந்த 48 மாநிலங்களில் முதலாவதாக வருபவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் அனைத்தும் போகின்றன. 1992இல் ரொஸ் பெரோ என்ற செல்வந்தர் சுயேச்சையாக நின்று ஏறத்தாழ 19 சதவீத வாக்குகளைப் பெற்றார். ஐந்தில் ஒரு அமெரிக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்குக் கிடைத்த தேர்வாளர் வாக்கு ஒன்றுகூட இல்லை. 1968இல் ஜோர்ஜ் வொலஸ் அவரை விடக் குறைந்த சதவீதம் பெற்றும் 46 தேர்வாளர் வாக்குகளை எடுத்தார், ஏனென்றால் அவருடைய இனவாத அரசியலுக்கான ஆதரவு தெற்கு மாநிலங்களில் திரண்டிருந்தது. 2000ஆம் ஆண்டு புளோரிடாவில் புஷ் வென்றது 537 வாக்குகளால். பசுமைக் கட்சியின் ரால்ப் நாடர் அங்கே 97 ஆயிரத்துக்கு மேல் பெற்றிருந்தார். அந்த ஒரு முடிவைக் காட்டித்தான் இன்றைக்கும் அங்கே சிறிய கட்சிகளின் வாயை அடைக்கிறார்கள். விதியோடு கதவுகளும் சேர்ந்துகொள்கின்றன: வாக்குச்சீட்டில் பெயர் வருவதற்கு மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு எண்ணிக்கையில் கையெழுத்துத் திரட்ட வேண்டும். 2000ஆம் ஆண்டிலிருந்து பல தேர்தல்களில், கருத்துக் கணிப்பில் 15 சதவீதம் இல்லாதவர் தொலைக்காட்சி விவாத மேடையில் ஏற முடியவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கிழக்கு மாகாணம் தொகுதிவாரிக் காலத்திலும் முற்றாக ஒற்றை ஆசனக் கணக்கில் இருக்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இடங்களில் இருவருக்கும் பிரதிநிதித்துவம் கிடைக்க வேண்டும் என்று மட்டக்களப்பும் பொத்துவிலும் இரட்டை அங்கத்தவர் தொகுதிகளாக வைக்கப்பட்டன. 1977இல் மட்டக்களப்பில் கூட்டணியின் இராஜதுரை முதலாவதாகவும், ஐக்கிய தேசியக் கட்சியின் பரீட் மீராலெப்பை இரண்டாவதாகவும் வந்தார்கள். தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்ற காசி ஆனந்தன் மூன்றாவதாக வந்து தோற்றார். ஆசனம் ஒன்றானால் மெய்யான போட்டியாளர் இருவர், இரண்டானால் மூவர். அரசறிவியலில் பின்னாளில் வந்த ஆய்வுகள் ஆசன எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிப் போட்டியாளர் எண்ணிக்கையைக் கணிப்பது இதே அடிப்படையில்தான்.

1978ஆம் ஆண்டு அரசியல் யாப்பு, மாவட்டத்தில் பெற்ற வாக்குகளின் பங்குக்கு ஏற்ப ஆசனங்களைப் பிரிக்கும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. பொதுத் தேர்தலில் அது முதன்முதலாகப் பயன்பட்டது 1989இல். அந்த யாப்பு முதலில் வைத்த வெட்டுப்புள்ளி 12.5 சதவீதம். ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்குப் பெறாத கட்சிக்கு அங்கே ஆசனக் கணக்கில் இடமில்லை. காத்தான்குடியில் 1981இல் கருக்கொண்டு 1986இல் அரசியல் கட்சியான முஸ்லிம் காங்கிரஸுக்கு இது நேரடியான முட்டுக்கட்டை. 1988இல் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளையில் அந்தக் கட்சியின் தலைவர் எம்.எச்.எம்.அஷ்ரப், ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் பிரேமதாசவிடம் வைத்த கோரிக்கை இந்தப் புள்ளியைக் குறைப்பதுதான். 15ஆவது திருத்தம் அதை 5 சதவீதம் ஆக்கியது. இந்த மாகாணத்திலிருந்து எழுந்த அரசியல் கோரிக்கைகளில் நாட்டின் தேர்தல் விதியையே மாற்றியது இது. அதற்குரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன். இன்று தீவெங்கும் சிறிய கட்சிகள் ஓர் ஆசனமாவது எடுப்பது அந்த ஒரு எண்ணின் தயவில்.

ஆனாலும் 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் ஆசனம் நிச்சயம் என்று நினைப்பவர்கள், அம்பாறையின் 2020ஆம் ஆண்டு முடிவை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். திகாமடுல்ல என்ற பெயருள்ள அந்தத் தேர்தல் மாவட்டத்துக்கு ஆசனங்கள் ஏழு. முதலாவதாக வந்த பொதுஜன பெரமுன 1 இலட்சத்து 26 ஆயிரம் வாக்குகளுடன், முதலிடத்துக்கு உரிய போனஸ் ஆசனத்தை எடுத்தது. மீதி ஆறு. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய கட்சிகளின் வாக்குகளை எல்லாம் கூட்டி ஆறால் வகுத்தால் ஏறத்தாழ 61 ஆயிரம் வருகிறது. பெரமுனவின் வாக்குகளுக்குள் இது இரண்டு தடவை போகும். ஆகவே அதற்கு இன்னும் இரண்டு. ஐக்கிய மக்கள் சக்தியின் 1 இலட்சத்து 2 ஆயிரத்துக்குள் ஒரு தடவை போகும்; அதற்கு ஒன்று. மிச்சம் மூன்று ஆசனங்கள். இவற்றை மீதி வாக்கு அதிகமுள்ள வரிசையில் கொடுக்க வேண்டும். அகில இலங்கை மக்கள் காங்கிரஸ் 43 ஆயிரம், ஐக்கிய மக்கள் சக்தியின் மீதி 41 ஆயிரம், தேசிய காங்கிரஸ் ஏறத்தாழ 39 ஆயிரம். அத்துடன் ஏழும் முடிந்தது.

அடுத்து நின்றவர்கள் யார்? கருணா அம்மானின் தலைமையில் போட்டியிட்ட அகில இலங்கை தமிழர் மகாசபை, 29 ஆயிரத்துச் சொச்சம். தமிழரசுக் கட்சி, 25 ஆயிரத்துச் சொச்சம். இரண்டும் 5 சதவீதத்தைத் தாண்டியவை. இரண்டுக்கும் ஆசனமில்லை. இரண்டையும் கூட்டினால் 54 ஆயிரத்துக்கு மேல். அது ஒரே பட்டியலில் விழுந்திருந்தால் மீதி வாக்கு வரிசையில் அதுதான் முதலாவது. காரைதீவு, பாண்டிருப்பு, தம்பிலுவில், திருக்கோவில் என்று கரையோரம் நெடுக வாழும், மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்கை ஒட்டிய தமிழ் மக்கள் நேரடியாகத் தெரிவான ஒரு பிரதிநிதியும் இல்லாமல் அந்தப் பாராளுமன்றக் காலத்தைக் கழித்தார்கள். தமிழரசுக் கட்சியை உள்ளடக்கிய தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தன் தேசியப் பட்டியல் ஆசனத்தை அம்பாறையைச் சேர்ந்த கலையரசனுக்குக் கொடுத்து அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டியிருந்தது.

அதாவது எழுதப்பட்ட வெட்டுப்புள்ளி 5 சதவீதம் என்றாலும், அன்று அம்பாறையில் மெய்யான வெட்டுப்புள்ளி அதைப் போல் இரு மடங்குக்குக் கிட்ட இருந்தது. ஆசனங்கள் ஏழு மட்டுமே என்பதும், அதில் ஒன்று போனஸாகப் போய்விடுகிறது என்பதும் சேர்ந்து இதைச் செய்கின்றன. கொழும்பு, கம்பஹா போன்ற பெரிய மாவட்டங்களில் சிறிய கட்சிக்குக் கிடைக்கும் மூச்சுவிடும் இடம் இங்கே கிடையாது. போனஸ் ஆசனத்தை எடுத்துவிட்டு ஏழையும் விகிதாசாரமாகவே பங்கிட வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். பெரிய கட்சிக்கு ஏற்கெனவே பெரிய பங்கு உண்டு. அதற்கு மேல் ஏன் ஒரு வெகுமதி? 2024இல் தேசிய மக்கள் சக்தி அம்பாறையில் நான்கு ஆசனங்களை எடுக்க, தமிழரசுக் கட்சி, முஸ்லிம் காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ் மூன்றும் தலா 33 ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளுடன் ஒவ்வொன்று எடுத்தன. அதே நாளில் மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சி ஐந்தில் மூன்றை வென்றது. நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலாவதாக வராத ஒரே மாவட்டம் மட்டக்களப்புதான். திரண்ட வாக்கின் பலம் இது.

ஜனாதிபதித் தேர்தலில் இந்தப் பலம் கரைந்துவிடுகிறது. தீவு முழுவதும் ஒரே தொகுதி, ஒரே ஆசனம். அதனால்தான் பாராளுமன்றத் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் வீட்டுக்கும் முஸ்லிம் காங்கிரஸின் மரத்துக்கும் போடும் கிழக்கு வாக்காளர், ஜனாதிபதித் தேர்தலில் தென்னிலங்கையின் இருவரில் ஒருவரைத் தேடுகிறார். 2019இல் காத்தான்குடியைச் சேர்ந்த ஹிஸ்புல்லாஹ் நின்றார். நாடு முழுவதும் 38 ஆயிரத்துச் சொச்சம் வாக்குகள். 2024இல் மட்டக்களப்பின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்று 2 இலட்சத்து 26 ஆயிரம் பெற்றார், மொத்தத்தில் 1.7 சதவீதம். அவரை நிறுத்தியதால் வாக்குகள் வீணாகும், பிடிக்காதவர் வந்துவிடுவார் என்ற வாதம் அப்போது பலமாக எழுந்தது.

அந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நம் ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூவருக்கு விருப்பத்தெரிவு குறிக்கலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவர் தவிர மற்றவர்கள் நீக்கப்பட்டு, நீக்கப்பட்டவர்களின் வாக்குச்சீட்டுகளிலுள்ள அடுத்த தெரிவு எண்ணப்படும். ஆகவே அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்கு 1 போட்டுவிட்டு, வெல்லக்கூடிய ஒருவருக்கு 2 போட்டால் எந்த வாக்கும் வீணாவதில்லை. டுவெர்ஜே சொன்ன அந்த இரண்டாம்படி அச்சத்துக்கு மருந்து சட்டத்திலேயே 1978 முதல் கிடக்கிறது. 2024இல்தான் வரலாற்றில் முதல் தடவையாக அந்த இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதம், சஜித் பிரேமதாச 32.76 சதவீதம். நீக்கப்பட்ட ஏனையோரின் வாக்குகள் மொத்தம் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து இறுதி இருவரைச் சென்றடைந்தவை அநுரவுக்கு 1 இலட்சத்து 5 ஆயிரம், சஜித்துக்கு 1 இலட்சத்து 67 ஆயிரம். பத்தில் ஒன்றுகூட இல்லை.

இதை எண்ணினால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. முப்பது இலட்சம் பேருக்கு இறுதிப் போட்டியில் ஒரு சொல் சொல்லும் உரிமை இருந்தது. அது எழுதப்படாத எண்ணாகவே வாக்குச்சீட்டில் கிடந்தது. ஊர்க் கூட்டங்களில் "இவருக்கு மட்டும் போடுங்கள்" என்று கற்பித்த கட்சிகளுக்கும், புள்ளடி போடுவதோடு விளக்கத்தை நிறுத்திக்கொண்ட நமக்கும் இதில் பங்குண்டு. பாலமுனையிலும் வாகரையிலும் ஒரு பாட்டி மூன்று எண்களை எழுத முடியாதா? தாராளமாக முடியும். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் போதும்.

மூன்றாவது கட்சி ஆட்சியைப் பிடித்ததே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது பெரும்பாலும் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றாவது இடிந்து விழும்போதுதான் நடக்கிறது. அமெரிக்காவில் 1854இல் பிறந்த குடியரசுக் கட்சி, விக் கட்சி சிதைந்த இடத்தில் வளர்ந்து 1860இல் லிங்கனை ஜனாதிபதியாக்கியது. பிரித்தானியத் தொழிற்கட்சி லிபரல்களின் பிளவில் ஏறி வந்தது. இங்கே அநுர 2019இல் பெற்றது 3 சதவீதத்தை ஒட்டியது. 2020இல் தேசிய மக்கள் சக்திக்கு ஆசனங்கள் மூன்று. 2022இன் பொருளாதார வீழ்ச்சி பழைய இரண்டு முகாம்களையும் ஒருசேரச் சரித்தது. 2024 நவம்பரில் அதே கட்சிக்கு 159. ஐக்கிய தேசியக் கட்சி அதற்கு முன்பே, 2020இல், தேசியப் பட்டியலில் ஓர் ஆசனத்துக்குச் சுருங்கியிருந்தது.

சிறிய கட்சிகள் பெருகினால் ஆட்சி நிலைக்காது என்ற எதிர்வாதத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. 1994இல் சந்திரிகாவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள்தான். முஸ்லிம் காங்கிரஸின் ஏழு சேர்ந்துதான் அரசாங்கம் நின்றது. 2001இல் அதே கட்சி விலகியபோது அரசாங்கம் பெரும்பான்மையை இழந்தது. 2012 கிழக்கு மாகாண சபையில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழரசுக் கட்சிக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. சாவி அந்த ஏழில் இருந்தது. இப்படிப்பட்ட பேரம் கசப்பைத் தரும், கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே அது விட்டுச்சென்ற மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் பேரம் பேச ஏழு பேராவது சபைக்குள் இருந்தார்கள். 1977இன் 140 ஆசன அரசாங்கத்துக்கு யாரிடமும் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்த நிலைத்த ஆட்சி நமக்கு என்ன தந்தது என்று 1983ஐக் கண்டவர்களிடம் கேட்கலாம்.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதே மாதம் நிறைவேறிய திருத்தச் சட்டம் மாகாண சபைத் தேர்தலைக் கலப்பு முறைக்கு மாற்றியது: பாதி உறுப்பினர்கள் தொகுதிகளிலிருந்து, பாதி விகிதாசாரப் பட்டியலிலிருந்து. தொகுதி எல்லைகளை வகுத்த அறிக்கை 2018இல் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. மாகாண சபைத் தேர்தல் பற்றி எப்போது பேச்செழுந்தாலும் பழைய விகிதாசார முறையா, புதிய கலப்பு முறையா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. கலப்பு முறை வந்தால் பட்டிருப்பிலும் கல்குடாவிலும் சம்மாந்துறையிலும் பொத்துவிலிலும் ஒற்றை ஆசனக் கணக்கு திரும்பி வரும். எல்லைக் கோடு எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே போகிறது என்பதே யாருக்கு உறுப்பினர், யாருக்கு இல்லை என்பதைத் தீர்மானிக்கும். வேட்பாளர் பட்டியலைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நம் கட்சிகள் இந்த எல்லைகளைப் பற்றி மக்களிடம் பேசவே தொடங்கவில்லை.